காணாமல் அளித்த பரிசில்

சென்ற மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வசிக்கும் நண்பர் ஒருவரின் மகள், கையில் நான்கைந்து தாள்களுடன் என்னைத் தேடி வந்தாள். ஐரோலியில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறவள். கல்லூரியில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். வீட்டில் அதிர்ந்து பேசாதவள். ஆண்டு முடியும் தறுவாயில், அங்கே ஒவ்வொருவரும் தாம் செய்த பணியைத் தாமே மதிப்பிட்டு எழுதித் தர வேண்டுமாம். அந்தப் படிவத்தைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"மாமா, நான் செய்ததை நானே எழுதினால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்கு. எழுதாமல் விட்டால் ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடும். அப்பாவைக் கேட்டால், 'நாமாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது, தெரிய வேண்டியவர்களுக்குத் தானாகத் தெரியும்' என்கிறார். நீங்கள் முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் இருந்தவர். என்ன செய்யட்டும்?"

நான் உடனே விடை சொல்லவில்லை. தேநீர் வரும்வரை அவள் வேலையைப் பற்றிப் பொதுவாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில், அவள் கேட்டது எனக்குப் புதிய கேள்வியன்று. அதை நான் வாழ்நாள் முழுவதும் கேளாமல் ஒத்திவைத்திருந்தேன் என்பதே சரி.

நான் பம்பாய்க்கு வந்தது 1973-ஆம் ஆண்டு. கும்பகோணத்தில் தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் 'ஹையர்' தேறிய கையோடு, தாதரில் வந்து இறங்கி, மாதுங்காவில் என் சிற்றப்பா தங்கியிருந்த அறையில் ஏழாவது ஆளாகப் படுக்கையை விரித்தேன். இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் பலருடைய தந்தையரோ பாட்டனாரோ இதே வழியாகத்தான் வந்திருப்பார்கள். பிட்மனின் கோடுகளும் ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்குமே நம்மவர் இந்நகருக்குக் கொண்டுவந்த மூலதனம். கோட்டைப் பகுதியிலும் பாலார்ட் எஸ்டேட்டிலும் இருந்த வணிக நிறுவனங்கள் நம்மவரை விரும்பி எடுத்துக்கொண்டன. அந்த விருப்பத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை, பிழையற்ற ஆங்கிலம், நேரந்தவறாமை, அடக்கம் என்ற மூன்று.

முதல் நாள் காலையில் நான் புறப்படும்போது சிற்றப்பா சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. "தலையைத் தூக்காதே. வேலையைப் பார்த்துவிட்டு வந்துகொண்டே இரு." அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தில், அலுவலகப் பதவிகளில் தென்னிந்தியர் மிகுந்துவிட்டனர் என்ற கிளர்ச்சி இந்நகரில் எழுந்தது. 'மார்மிக்' இதழில் நிறுவனங்களின் அதிகாரிகளுடைய பெயர்ப் பட்டியல்கள் வெளியாயின. பட்டியலில் பெயர் வருவது அந்நாளில் மகிழ்ச்சிக்குரிய செய்தியன்று. இந்த மண்ணின் இளைஞர்க்கு வேலை கிடைக்கவில்லை என்ற அவர்களுடைய குறை பொய்யான குறையும் அன்று. அதை இன்று நின்று நிதானமாக எண்ணிப் பார்க்கிறபோது ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அறையில் இருந்த ஆறு பேருக்கு அது அச்சமாகவே இருந்தது. கண்ணில் படாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். எனக்கும் அதைக் கற்பித்தார்கள். நானோ அதைக் கற்றுக்கொண்டதோடு நில்லாமல், அதற்கு 'அடக்கம்' என்று பெயரும் சூட்டிக்கொண்டேன். அச்சத்தை அறமென்று அழைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. அஞ்சியவனுக்குத் தன்மேல் வெறுப்பு வருவதில்லை.

என் மேலதிகாரி நல்ல மனிதர். கடிதங்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதற்குத்தான் என்னை நியமித்திருந்தார்கள். இரண்டாண்டுகளில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். "என்ன எழுத வேண்டுமென்று உமக்கே தெரியுமே" என்பார். நான் எழுதுவேன், அவர் கையொப்பமிடுவார். ஒருநாள் நிர்வாக இயக்குநர் அறைக்குள் வந்து, வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குச் சென்ற கடிதத்தை வெகுவாகப் பாராட்டினார். மேலதிகாரி நன்றி கூறினார். கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிரவு சிற்றப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவர் என் முதுகில் தட்டி, "வாயைத் திறக்கவில்லையே, அதுதான் நம் பிள்ளை" என்றார். எனக்கும் பெருமையாகவே இருந்தது. பேசாதிருந்ததைப் பற்றி ஒருவன் பெருமைப்பட்டால் அது என்ன அடக்கம் என்று அப்போது தோன்றவில்லை.

இதுவரை சொன்னதில் என்மேல் குறை சொல்ல அதிகம் இல்லை. இனிச் சொல்லப்போவது வேறு வகை.

1987-இல் நான் இறக்குமதிப் பிரிவில் துணை மேலாளர். இயந்திர உறுப்புகள் கப்பலில் வந்து பம்பாய்த் துறைமுகக் கொட்டகைகளில் கிடக்கும். குறித்த நாட்களுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். ஆண்டுதோறும் அந்தத் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. சுங்க இலாகாவைக் குறை கூறுவோம். துறைமுகத்தைக் குறை கூறுவோம். எங்கள் கிளியரிங் ஏஜெண்டைக் கூப்பிட்டு வைத்துக் கடிந்துகொள்வோம். என் கீழ் ரத்னகிரி மாவட்டத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எழுத்தராக இருந்தார். அவர் யாரும் சொல்லாமலே ஒரு நீண்ட நோட்டை வாங்கிக் கோடு போட்டு, பதினான்கு மாதங்களில் வந்த ஒவ்வொரு சரக்குக்கும், கப்பல் வந்த நாள், வங்கிக்கு ஆவணங்கள் வந்த நாள், நாங்கள் பணம் கட்டி அவற்றை மீட்ட நாள், சுங்கத்தில் பில் ஆஃப் என்ட்ரி கொடுத்த நாள் என்று வரிசையாக எழுதிவந்தார். எழுதி முடித்தபோது உண்மை வெட்டவெளிச்சமாயிற்று. தாமதம் துறைமுகத்திலும் இல்லை, சுங்கத்திலும் இல்லை. வங்கியில் ஆவணங்களை மீட்பதற்கான காசோலையில் கையொப்பமிட வேண்டிய அதிகாரி வாரத்தில் இரண்டு நாள்தான் அந்தக் கோப்பைப் பார்ப்பார். எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்த தாமதத்தை நாங்கள் துறைமுகத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

அந்த நோட்டை அவர் என் மேசையில் வைத்தார். ஒரு பக்கத்தைப் பார்த்த அளவில் அதன் அருமை எனக்கு விளங்கிவிட்டது. அதை வைத்து நான்கு பக்கக் குறிப்பொன்று எழுதினேன். என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். குறிப்பு அழகாகவே அமைந்தது. 'எங்கள் பிரிவு ஆராய்ந்து கண்டவாறு' என்று தொடங்கி, கீழே என் பெயரை இட்டேன். இயக்குநர்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். கேள்விகள் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். அந்த இளைஞர் கதவுக்கு வெளியே, தேவைப்பட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். தேவைப்படவில்லை. 'எங்கள் பிரிவு' என்ற தொடரில் பொய் இல்லை. அவரும் அந்தப் பிரிவில்தானே இருந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தமிழில் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பவர் எண்ண முடியாது. இது எனக்குப் பயன்பட்டது.

அடுத்த ஏப்ரலில் நான் மேலாளர் ஆனேன். அந்த இளைஞர் ஒரு பெட்டி பேடா வாங்கிவந்து, "அபிநந்தன், சாஹேப்" என்று சொல்லி முதல் பேடாவை என் கையில் கொடுத்தார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அவர் விரும்பியிருந்தால், வெளியூரான் ஒருவன் மண்ணின் மைந்தன் உழைப்பைப் பறித்துக்கொண்டான் என்று சொல்வதற்கு அந்நகரில் காதுகள் நிறையவே இருந்தன. அவர் சொல்லவில்லை. இரண்டாண்டு கழித்து, நவா சேவாவில் புதிய துறைமுகம் தொடங்கிய 1989-இல், அங்கே ஒரு கிளியரிங் நிறுவனத்தில் வேலை கிடைத்து விலகினார். போகும்போது நற்சான்றிதழ் ஒன்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அமைதியானவர், பணிவுள்ளவர், கடின உழைப்பாளி என்று மூன்று சொற்கள். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நோட்டை மறைத்ததைக்கூட ஆசை என்று சொல்லித் தப்பலாம். மனிதனுக்கு ஆசை இயல்பு. சான்றிதழில் அவருடைய பணிவைப் புகழ்ந்தேனே, அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. என் மேலதிகாரிக்கு நான் எதைக் கொடுத்தேனோ அதையே இவர் எனக்குக் கொடுத்தார். நான் கொடுத்தபோது அதை அடக்கம் என்றேன். நான் பெற்றபோதும் அதையே அடக்கம் என்றேன். தன் வாயை அடக்கிக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு. அந்த அடக்கத்தால் ஆதாயம் அடைகிறவன் அதை மெச்சுவதற்கு என்ன உரிமை இருக்கிறது? கடன் கொடுத்தவன் கேளாமல் இருப்பது பெருந்தன்மை. கடன் வாங்கியவன், 'என்ன பெருந்தன்மை!' என்று அவனைப் பாராட்டிக்கொண்டே கொடுக்காமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

நம்மவர் இத்தகைய இடங்களில் திருக்குறளைத்தான் நாடுவார்கள். நானும் நாடினேன். அடக்கமுடைமை எல்லார்க்கும் தெரிந்த அதிகாரம். அலுவலகத்தில் இருப்பவர்க்கு அதனினும் பயன்படுவது 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' என்ற எழுபதாம் அதிகாரம் என்பது என் கருத்து. மன்னருக்குப் பதில் மேலாளர் என்று வைத்துக்கொண்டு படித்தால் வியப்பாக இருக்கும். குளிர் காய்கிறவன் நெருப்புக்கு மிக அருகிலும் போகாமல் மிக விலகியும் இராமல் இருப்பதுபோல் இரு என்பது முதற்குறளின் கருத்து. பெரியவர் எதிரில் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுப்பதும் சேர்ந்து சிரிப்பதும் வேண்டா என்கிறார். தலைவன் நம்மினும் இளையவன் என்று எண்ணி இகழாதே என்கிறார். முப்பது வயது மேலாளரின் கீழ் ஐம்பது வயதில் பணியாற்றும் இன்றைய அன்பர்கள் இதைக் கவனிக்கலாம். நெடுநாள் பழகியவன் என்ற உரிமையில் தகாதன செய்தால் கேடு வரும் என்று அதிகாரத்தை முடிக்கிறார். அலுவலகப் பண்பாடு என்று இக்காலத்தார் பயிற்சி வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுப்பதில் பாதி இந்தப் பத்துக் குறளில் இருக்கிறது.

அதே வள்ளுவர் சொல்வன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். தாம் கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல மாட்டாதவரை, கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலர் என்றார். ஆகவே, அடங்கியிரு என்று சொன்னவர் ஊமையாக இரு என்று சொல்லவில்லை. சிறுமை தன்னைத்தானே வியந்து அணிசெய்துகொள்ளும் என்று அவர் பழித்தது வியப்பதைத்தான். செய்ததைச் சொல்வதை அன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கணக்கெழுதிப் பழகியவர்க்கு எளிதில் விளங்கும். பேரேட்டில் வரவு எழுதுவது பெருமை பேசுவதாகாது. வரவை எழுதாமல் விட்ட கணக்கை அடக்கமான கணக்கு என்று எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பொய்க்கணக்கு என்றுதான் சொல்வார். பிறர் வரவைத் தன் பக்கத்தில் எழுதினாலும் அதே பெயர்தான்.

புறநானூற்றில் 208-ஆம் பாட்டு ஒன்று உண்டு. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், மலையும் குன்றும் பல கடந்து, அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடி வந்தார். அரசன் அவரை நேரில் காணாமல், இதைக் கொண்டு செல்க என்று பொருளை அனுப்பிவைத்தான். புலவர் வாங்க மறுத்துவிட்டார். என்னை எவ்வாறு அறிந்தான் அரசன்? என்னைக் காணாமல் தந்த பொருளைப் பெற்றுப்போக நான் வாணிகம் செய்யும் பரிசிலன் அல்லன். என் தகுதியின் அளவறிந்து தருவதாயின் அது தினையளவே ஆனாலும் எனக்கு இனிது என்பது அவர் சொன்னதன் சாரம். இதைச் சொன்னவர் வசதியான மனிதர் அல்லர். வீட்டில் பசியால் வாடிய மனைவி மக்களை வேறு பாட்டுகளில் அவரே பாடியிருக்கிறார். இளமையில் இப்பாட்டைப் படித்தபோது இதைத் தன்மானத்தின் முழக்கம் என்று மட்டுமே எண்ணினேன். இன்று படித்தால் வேறொன்றும் தெரிகிறது. கொடுப்பவனுக்கு ஒரு கடமை உண்டு, அது கொடுப்பது மட்டும் அன்று, முதலில் காண்பது என்று அவர் சொல்கிறார். தன்னைக் காணுமாறு கேட்பது தற்பெருமை என்று அந்தப் புலவருக்குத் தோன்றவேயில்லை.

சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜன், 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் ஆண்டுக்கு இருபது பவுண்டு ஊதியம் பெறும் கணக்கு எழுத்தர் என்று அதிலே முதலில் அறிமுகம் செய்துகொண்டார். பிறகு தாம் கண்ட தேற்றங்களை வரிசையாக எழுதினார். தம்மை மிகையாகச் சொல்லவும் இல்லை. கண்டதைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. அந்தக் கடிதத்தை எல்லாரும் அறிவர். நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அவருடைய அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரை. தமக்குக் கீழே பணிசெய்த எழுத்தரோடு மாலைவேளைகளில் சிலேட்டு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர் அவர். இந்த மனிதர் யார் என்று துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே. நோட்டைத் தம் மேசையில் வைத்துக்கொண்டு குறிப்பெழுதவில்லை.

எல்லா அலுவலகத்திலும் ஒரு நாராயண ஐயர் இருப்பார் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. அதனால்தான் சட்டமும் விதியும் வேண்டியிருக்கின்றன. அரசுப் பணியில் நெடுங்காலம் 'இரகசிய அறிக்கை' என்று ஒன்று இருந்தது. மேலதிகாரி எழுதுவார், பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும் உரியவருக்குச் சொல்வார்கள். எல்லைப்புறச் சாலைப் பணியில் இருந்த பொறியாளர் ஒருவருக்கு ஓராண்டு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். நன்று என்பது பாதகம் அன்று. ஆகவே அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும் என்பது விதி. பாராட்டே அவர் காலை வாரிவிட்டது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மத்திய அரசு அந்த அறிக்கையின் பெயரையும் மாற்றி, முழுவதையும் காட்ட ஆணையிட்டது. இந்தத் தீர்ப்பு வந்தபோது நான் ஓய்வுபெற ஓராண்டே இருந்தது. நாளிதழில் படித்துவிட்டு, நான் எழுதிக் கொடுத்த 'பணிவுள்ளவர்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு 'நன்று' தானே.

இதனால் இன்றைய முறையெல்லாம் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச் என்பவர், ஊழியரை மேல் இருபது, நடு எழுபது, கடைப் பத்து என்று நூற்றுக்கணக்கில் பிரிக்கும் வழக்கத்தைப் பரப்பினார். பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் கடையர் ஆகியே தீர வேண்டும். மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் பின்னர் இதைக் கைவிட்டன. அந்நிறுவனம் விட்டது 2013-இல். ஆனால் அந்த மனப்பான்மை எளிதில் போய்விடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் கீழே போனால்தான் நான் மேலே போவேன் என்ற கணக்கு இருக்குமிடத்தில், படிவம் எழுதுவது கணக்கெழுதுவதாக இராது, வழக்காடுவதாகிவிடும். நாவன்மை உள்ளவன் வெல்வான். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கூச்சத்தால் தோற்பார்கள். சிலர் கூச்சத்தை விட்டொழித்து, கூடவே வேறு சிலவற்றையும் விட்டொழிப்பார்கள். இரண்டையும் இந்நகரில் பார்த்திருக்கிறேன்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. "எழுதம்மா" என்றேன். "நீ செய்ததை, செய்த அளவில், தேதியோடு எழுது. 'சிறந்த', 'அரிய' என்ற சொற்களை அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்."

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். ஒரு வங்கியின் கணக்கு நிரலில் நேர்ந்த பிழையைச் சென்ற நவம்பரில் கண்டுபிடித்துத் திருத்தியது அவளுடைய ஆண்டின் பெரிய வேலை. அதை எழுதும்போது பேனா நின்றது.

"மாமா, இதில் ஒரு பையன் இருக்கான். நாக்பூரிலிருந்து புதுசா சேர்ந்தவன். ரெண்டு ராத்திரி என்னோடு உட்கார்ந்தான். பிழை எங்கே இருக்கிறது என்று முதலில் சொன்னதே அவன்தான். படிவத்தில் அதுக்கெல்லாம் இடம் இல்லை. நான் செய்தது மட்டும்தான் கேட்கிறார்கள்."

என் மனைவியிடம்கூடச் சொல்லாத அந்த நோட்டின் கதையை அப்போது அவளிடம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் அந்தப் பையனின் பெயரை எழுதினாள்.

"இதனால் எனக்கு ஒரு படி குறைந்தால்?"

"குறையலாம்" என்றேன். வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "அந்த ரத்னகிரிக்காரர் இப்போ எங்கே இருக்கார், மாமா?"

தெரியாது என்று சொன்னேன். விசாரித்ததுண்டா என்று அவள் கேட்கவில்லை.